"இதனால எங்களுக்கு என்ன கிடைக்கும்?"

வாசகரின் கேள்வி:

மூன்று வருடங்களாகப் புகைப்படம் எடுத்துவருகிறேன். குப்பைக் கிடங்கை ஒட்டி வாழ்ந்து, குப்பை பிரித்துப் பிழைக்கும் குடும்பங்களைப் பற்றி ஒரு ஆவணத் தொகுப்பு செய்ய ஆசை. ஆறு முறை போய்வந்திருக்கிறேன், நானூறு படங்களுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. கடைசியாகப் போனபோது ஒரு அம்மா, "எங்களைப் படம் எடுத்து நீ பெரிய ஆளாயிடுவ. இதனால எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து கேமராவைத் தொடவில்லை. நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவனும் இல்லை. இதை எடுக்க எனக்கு உரிமை இருக்கிறதா? எழுத்தில் சம்மதம் வாங்கினால் போதுமா? பணம் கொடுக்கலாமா? தொடர்வதா, விட்டுவிடுவதா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

அந்த அம்மா கேட்டதும் ஏதோ ஒரு சமாதானம் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகராமல், வாயடைத்துப்போய்த் திரும்பி வந்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த இடம் அதுதான். இருபத்தைந்து வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். அதே கேள்வியை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு மனிதர்கள் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். ஆரம்ப நாட்களில் என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "இதை நாலு பேர் பார்த்தால் உங்களுக்கு ஒரு விடிவு வரும்." மனதார நம்பித்தான் சொன்னேன். ஆனாலும் என் கையில் இல்லாத ஒன்றை வாக்காகக் கொடுத்துவிட்டேன். விடிவு பெரும்பாலும் வரவில்லை. எனக்குப் பாராட்டு வந்தது.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். தொடருங்கள். ஆனால் அந்தக் கேள்வியை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தொடராதீர்கள். உங்கள் தொகுப்பு இனி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கையில் இல்லாததை வாக்களிக்காமல், கையில் இருப்பதை மட்டும் வாக்களித்து, அதை எத்தனை வருடமானாலும் காப்பாற்றுவது. இந்த வேலையின் நேர்மை என்று நான் நினைப்பது இவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும். இதைச் செய்யத் தவறிய படங்களில் உலகமே கொண்டாடும் படங்களும் உண்டு.

1936 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிக்க வந்த கூலிகள், பயிர் குளிரில் அழிந்துபோனதால் வேலையில்லாமல் முகாமில் கிடந்தார்கள். அரசுத் துறை ஒன்றுக்காகப் படம் எடுத்துவந்த டோரதியா லாங் அங்கே ஒரு தாயையும் குழந்தைகளையும் சில படங்கள் எடுத்தார். கன்னத்தில் கை வைத்தபடி எங்கோ பார்க்கும் அந்தத் தாயின் முகத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அவருடைய பெயரைத் தான் கேட்கவில்லை என்று லாங்கே பின்னாளில் எழுதினார். தனக்கு வயது 32 என்று அந்தப் பெண் சொன்னதாக எழுதினார். என் படங்கள் தனக்கு உதவலாம் என்று அந்தப் பெண் நினைத்தார், அதனால் எனக்கு உதவினார் என்றும் எழுதியிருக்கிறார். உதவி வரவும் செய்தது. செய்தித்தாளில் படங்கள் வந்ததும் அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு, அதாவது சுமார் 9 டன் உணவுப்பொருள் போய்ச்சேர்ந்தது. ஆனால் அந்தத் தாயின் குடும்பம் அதற்குள் அங்கிருந்து கிளம்பிவிட்டது.

நாற்பது வருடங்களுக்கு மேல் அவர் பெயர் உலகத்துக்குத் தெரியாது. 1978இல் ஒரு செய்தியாளர் தேடிக் கண்டுபிடித்தபோதுதான் அவர் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று தெரிந்தது. அவர் கோபமாக இருந்தார். அந்தப் படத்தை எடுத்திருக்கவே வேண்டாம், எனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை, என் பெயரைக்கூடக் கேட்கவில்லை, ஒரு பிரதி அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பவே இல்லை என்றார். சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று லாங்கின் குறிப்பில் இருந்ததையும் குடும்பத்தார் மறுத்தார்கள். அவர் செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர் என்பது அத்தனை வருடமும் படத்தைப் பார்த்த யாருக்கும் தெரியாது.

இதைச் சொல்லி லாங்கைக் கெட்டவராக்குவது என் எண்ணமில்லை. அரசு ஊழியராக எடுத்த படம் என்பதால் அவருக்கும் அதில் ராயல்டி கிடையாது. அக்கறையோடுதான் எடுத்தார். அந்த அக்கறை எனக்கு அவருடைய படங்கள் எல்லாவற்றிலும் தெரிகிறது. இருந்தும், பெயர்கூடக் கேட்காமல் முடிந்துபோன ஒரு சின்னச் சந்திப்பு அந்தப் பெண்ணின் மீதி வாழ்க்கை முழுக்க அவர் கூடவே வந்தது. உங்களிடம் நானூறு படங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்? கேள்வி கேட்டவரைக்கூடக் கடிதத்தில் "ஒரு அம்மா" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

இனி அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலுக்கு வருவோம். படங்களால் எதுவும் மாறாது என்று நான் நினைக்கவில்லை. மாறியிருக்கிறது. எப்படி மாறியது என்று பார்த்தால், ஏற்கெனவே போராடிக்கொண்டிருப்பவர்களின் கையில் படம் போய்ச்சேர்ந்தபோதுதான் அதிகம் மாறியிருக்கிறது. லூயிஸ் ஹைன் ஒரு பள்ளி ஆசிரியர். 1908இல் அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவில் வேலைக்குச் சேர்ந்து, பருத்தி ஆலைகளிலும் சுரங்கங்களிலும் கண்ணாடித் தொழிற்சாலைகளிலும் வேலை செய்த பிள்ளைகளை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் பதிவுசெய்தார். உள்ளே விட மாட்டார்கள் என்பதால் தீயணைப்புச் சோதகர் என்றும், பைபிள் விற்பவர் என்றும் சொல்லி நுழைவார். தன் கோட்டுப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று முன்கூட்டியே அளந்துவைத்திருப்பார். பக்கத்தில் நிற்கும் பிள்ளை எந்தப் பொத்தான் வரை வருகிறது என்று பார்த்தே உயரத்தைக் கணக்கிடுவார். பைக்குள் கையை விட்டு, யாருக்கும் தெரியாமல் பெயர், வயது, எத்தனை வருடமாக வேலை என்று குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்புகள்தான் படங்களைச் சாட்சியங்களாக மாற்றின. முதலாளி மறுத்தால் நீட்டிக்காட்ட பெயர் இருந்தது, தேதி இருந்தது, இடம் இருந்தது.

அப்படியும் எவ்வளவு காலமாயிற்று தெரியுமா? 1916இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது, 1918இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. நிலைத்து நின்ற சட்டம் வந்தது 1938இல். ஹைன் வேலையில் சேர்ந்து முப்பது வருடம் கழித்து. இரண்டு வருடம் போனதும் அவர் வறுமையில் இறந்தார். "உங்கள் படம் வந்ததும் எல்லாம் மாறிவிடும்" என்று அந்த அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். "நீங்கள் எதற்காகப் போராடிக்கொண்டிருக்கிறீர்கள்? அதற்கு என் படம் எங்கே உதவும்?" என்று நீங்கள் அவரிடம் கேட்கலாம். அந்தக் குடியிருப்பில் ஏதாவது சங்கம் இருக்கும். சங்கம் இல்லாவிட்டாலும் அதிகாரிகளிடம் மனு கொண்டுபோகும் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போய் உட்காருங்கள்.

இங்கேதான் நான் உங்களிடம் ரொம்பவும் சொல்ல ஆசைப்படும் விஷயம் வருகிறது. அநீதியைப் படம் எடுக்கிறேன் என்று நாம் எல்லோருமே சொல்லிக்கொள்கிறோம். எடுத்த படங்களைப் பரப்பிவைத்துப் பார்த்தால் அநீதிக்கு ஆளானவர்கள்தான் இருக்கிறார்கள். அநீதி அங்கே இல்லை. யார் செய்தார், எதனால் நடந்தது, யாருக்கு லாபம் என்பதற்குத் தொகுப்பில் ஒரு படம்கூட இருக்காது. சுருக்கம் விழுந்த கைகள், அழுக்கான குழந்தை முகம், புகைக்கு நடுவில் ஒரு நிழலுருவம். பார்ப்பவர் பரிதாபப்படுவார். வறுமை என்பது மழை, வெயில் மாதிரி தானாக வந்தது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்புவார்.

குப்பை பிரிப்பவர்களின் வாழ்க்கையில் எடைத்தராசு இருக்கும். அது எங்கே தொங்குகிறது, யார் கையில் இருக்கிறது, அதன் முள்ளைப் பார்க்க விற்பவருக்கு இடம் இருக்கிறதா என்று கவனித்தீர்களா? வாங்குபவரின் கணக்கு நோட்டைப் பார்த்தீர்களா? மருத்துவக் கழிவும் வீட்டுக் குப்பையும் ஒரே வண்டியில் கொட்டப்படும் தருணத்தை எடுத்திருக்கிறீர்களா? அந்தக் குப்பை புறப்பட்ட வீடுகள், அடுக்குமாடிகள், அலுவலகங்களின் படம் உங்களிடம் இருக்கிறதா? குடிநீர்க் குழாய் வேலை செய்யவில்லை என்று அவர்கள் புகார் சொன்னால், அந்தக் குழாயை இரண்டு மாதம் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து எடுங்கள். கண்காட்சிச் சுவரில் அது அழகாக இருக்காது. ஆனால் மனுவோடு இணைத்துக் கொடுக்க அவர்களுக்கு அறுபது படங்கள் கிடைக்கும், தேதியோடு. "இதனால எங்களுக்கு என்ன கிடைக்கும்" என்று கேட்ட அம்மாவுக்கு இது ஒரு நேர்மையான பதில்.

நல்ல விளைவு வந்துவிட்டால் எடுத்த விதம் சரியாகிவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். 1880களின் கடைசியில் ஜேக்கப் ரீஸ், நியூயார்க்கின் நெரிசல் குடியிருப்புகளில் இரவில் நுழைந்து, அப்போது புதிதாக வந்திருந்த ஃபிளாஷ் பவுடரைக் கொளுத்திப் படம் எடுத்தார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டு எழுந்திருப்பார்கள். ஒருமுறை அந்தப் பவுடரால் படம் எடுத்த வீட்டிலேயே தீப்பிடித்தது. 1890இல் வந்த அவருடைய புத்தகம் பெரிய அதிர்வை உண்டாக்கியது, சில சீர்திருத்தங்களுக்கும் வழி விட்டது. அதே புத்தகத்தில் அங்கே வாழ்ந்த இத்தாலியர்களையும் சீனர்களையும் யூதர்களையும் பற்றி இழிவான வரிகள் இருக்கின்றன. ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கும். நம்மிடமும் இருக்கலாம் என்ற பயம் வேண்டும்.

அந்தச் சமூகத்தைச் சேராத எனக்கு உரிமை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். வெளியாள் எடுக்கவே கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் வெளியாளுக்குச் சில விஷயங்கள் தெரியாமலே போகும். கார்டன் பார்க்ஸ் வறுமையில் வளர்ந்த கறுப்பினக் கலைஞர், வறுமையை அறியாதவர் இல்லை. 1961இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காக ரியோ டி ஜெனிரோவின் குன்றுக் குடியிருப்பு ஒன்றில், ஆஸ்துமாவோடு தம்பி தங்கைகளை வளர்த்துவந்த ஃப்ளாவியோ என்ற 12 வயதுப் பையனின் குடும்பத்தைப் படம் எடுத்தார். வாசகர்கள் உருகிப்போய்ப் பணம் அனுப்பினார்கள். பையனுக்கு அமெரிக்காவில் சிகிச்சை கிடைத்தது, குடும்பத்துக்கு வேறு வீடு கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து, இன்னொரு வாழ்க்கையைப் பார்த்துப் பழகிவிட்ட அந்தப் பையன் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. மீதிக் குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது? 1970இல் அந்தக் குடியிருப்பே அங்கிருந்து அகற்றப்பட்டது. பார்க்ஸின் படங்கள் வெளிவந்த சமயத்தில் பிரேசில் பத்திரிகை ஒன்று சும்மா இருக்கவில்லை. தன் புகைப்படக்காரரை நியூயார்க்குக்கு அனுப்பி, அங்குள்ள ஏழைகளின் வீட்டைப் படம் எடுத்து வெளியிட்டது. "உங்கள் வீட்டிலும் இது இருக்கிறதே, எங்களை மட்டும் ஏன் பார்க்கிறீர்கள்?" என்ற கேள்வி அதில் இருந்தது. எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். உங்கள் தொகுப்பை எடுத்துவைத்துக்கொண்டு அதைக் கேட்டுப் பாருங்கள்.

வங்காளதேசத்தின் ஷாஹிதுல் ஆலம் ஒரு படி மேலே போனார். "மூன்றாம் உலகம்" என்ற சொல்லே தவறு, உலகின் பெரும்பாலான மக்கள் வாழும் பகுதி அது, ஆகவே "பெரும்பான்மை உலகம்" என்று சொல்லுங்கள் என்றார். அந்த உலகத்தின் கதையை அங்கிருப்பவர்களே சொல்ல வேண்டும் என்பதற்காக 1989இல் டாக்காவில் த்ரிக் என்ற பட நிறுவனத்தையும், 1998இல் பாடசாலா என்ற புகைப்படப் பள்ளியையும் தொடங்கினார். கேமராவை மக்களிடமே கொடுக்கும் வழியும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களிடம் கேமரா கொடுத்து, அவர்களே எடுத்த படங்களை வைத்து அவர்களே கூடிப் பேசி, அதிகாரிகளிடம் தங்கள் தேவையைச் சொல்ல வைத்தார்கள். இந்த முறையில் கேமராவைவிட அந்தக் கூடிப் பேசுதல்தான் முக்கியம். பத்துப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்து, ஒரு நாள் கண்காட்சி வைத்து, கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குக் கொடுக்காமலே இருக்கலாம். நீங்கள் செய்வதானால், அந்தக் குடியிருப்பில் படம் எடுப்பதில் ஆர்வமுள்ள ஒருவரைச் சக கலைஞராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் போடும் இடத்தில் இரண்டு பெயர் வரட்டும்.

சம்மதம். எழுத்தில் வாங்கினால் போதுமா என்றால், போதாது. கையெழுத்து போட்ட தாள் நாளைக்கு வழக்கு வந்தால் உங்களுக்கு உதவும், கையெழுத்து போட்டவருக்கு உதவாது. சம்மதம் கேட்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். குப்பை வாங்கும் முதலாளியோ, உதவி தரும் தொண்டு நிறுவன ஊழியரோ நின்றுகொண்டிருந்தால் அவர்கள் சொல்லும் "சரி" உங்களுக்கானது இல்லை. தனியாகக் கேளுங்கள். படம் எங்கெல்லாம் போகும் என்பதை வாயால் சொன்னால் மட்டும் புரியாது. உங்கள் போனில் வேறொரு படத்தை எடுத்துக்காட்டி, யார் யாரோ அதைப் பகிர்ந்திருப்பதை, முன்பின் தெரியாதவர்கள் கீழே எழுதியிருப்பதைக் காட்டுங்கள். "உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஒருத்தர் இதைப் பார்த்தால் பரவாயில்லையா?" என்று கேளுங்கள். பிள்ளைகளைப் படம் எடுப்பதானால் பெற்றவர்களிடமும் பிள்ளையிடமும் கேளுங்கள். பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டால் அதுவும் பதில்தான். எடுப்பதற்கு முன் ஒருமுறை, தேர்ந்தெடுத்த படங்களைக் காட்டி ஒருமுறை, புதிதாக ஒரு இடத்தில் வெளியிடும் ஒவ்வொரு முறையும் ஒருமுறை. அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

ஒருமுறை கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் அவர்களுக்கு வழி இருக்க வேண்டும். ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசக் கழிவால் பாதிக்கப்பட்டவர்களைப் படம் எடுக்க 1971இல் யூஜின் ஸ்மித்தும் ஐலீன் ஸ்மித்தும் போனார்கள். சில மாதங்கள் என்று போனவர்கள் மூன்று வருடம் அங்கேயே வாழ்ந்தார்கள். தொழிற்சாலை ஆட்கள் அடித்ததில் யூஜின் மோசமாகக் காயப்பட்டார். 1971 டிசம்பரில் ஒரு தாய், நோயால் உடல் முடங்கிய மகளைக் குளிப்பாட்டும் படத்தை எடுத்தார்கள். பெற்றோரின் சம்மதத்தோடு எடுத்த படம், உலகமே பார்த்த படம். அந்த மகள் 1977இல், 21 வயதில் இறந்துபோனார். வருடங்கள் கழித்து, எங்கள் மகள் இனி ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். 1990களின் இறுதியில் ஐலீன் அந்தப் படத்தின் மீதான முடிவை அவர்களிடமே ஒப்படைத்து, இனி வெளியிடுவதில்லை என்றார். இருபதாம் நூற்றாண்டின் பெரும் படங்களில் ஒன்று அது. கொடுத்துவிட்டார். படத்தில் இருப்பவரின் பெயரை நானும் இங்கே எழுதாமல் விடுகிறேன்.

இணையத்தில் போன படத்தை அப்படித் திரும்பப் பெற முடியாது என்பதால் நீங்கள் வெளியிடும் முன்பே கூடுதலாக யோசிக்க வேண்டும். படக் கோப்புக்குள் இடக்குறிப்பு, அதாவது எடுத்த இடத்தைக் காட்டும் எண்கள் பதிவாகியிருக்கும், அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். வீடு இடிக்கப்படும் ஆபத்தில் இருப்பவர்களுக்கு அந்த எண்களே கேடாகலாம். முகத்தை மறைக்க வேண்டியவர்களை எடுக்கும்போதே மறைவாக எடுங்கள்: வெளிச்சத்துக்கு எதிராக, முதுகுப் பக்கமாக, கைகளை மட்டும். பிறகு முகத்தைக் கலங்கலாக்கினால் பார்ப்பவர் கண்ணுக்கு அவர் குற்றவாளி மாதிரித் தெரிவார். முகம் போனாலும் சேலையின் பூப்போட்ட கரை, சுவரில் உள்ள எழுத்து, கையில் குத்திய பச்சை, இவை காட்டிக்கொடுக்கும். செயற்கை நுண்ணறிவால் முகங்களை உருவாக்கிப் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2023இல் அம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு கொலம்பியப் போராட்டம் பற்றிய செய்திக்கு, உண்மையான போராட்டக்காரர்களைப் பாதுகாக்கிறோம் என்று அப்படிப்பட்ட படங்களைப் போட்டு, கண்டனம் எழுந்ததும் நீக்கியது. நடந்த கொடுமையே பொய் என்று சொல்பவர்களுக்கு அது வசதியாகிவிடும். வேண்டாம்.

படக்குறிப்பைப் பற்றி என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு கல்குவாரியில் வேலை செய்த ஒருவரை, அவர் முழுச் சம்மதத்தோடு எடுத்தேன். கடனுக்கு அடிமையாக இருந்து மீண்டு, கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தவர். அந்த மீட்சிதான் அவருடைய பெருமை, அதற்காகத்தான் நிமிர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். ஒரு பத்திரிகைக்குப் படத்தை அனுப்பினேன். குறிப்பை நான் இரண்டு வரியில் எழுதியிருந்தேன், அவர்கள் அதை ஒரு சொல்லாகச் சுருக்கி "கொத்தடிமை" என்று போட்டார்கள். அவர் மகள் படித்த பள்ளியில் யாரோ அதைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். நான் அடுத்த முறை போனபோது அவர் என்னைத் திட்டவில்லை. "நான் வெளியே வந்துட்டேன்னு உங்ககிட்ட சொன்னேனே" என்று மட்டும் சொன்னார். பத்திரிகையைக் குறை சொல்லிக்கொண்டு நான் தப்பிக்க முடியாது. குறிப்பை மாற்றாமல் போட வேண்டும் என்று எழுத்தில் உறுதி வாங்காமல் அனுப்பியது நான். அதற்கப்புறம் குறிப்பில் ஒரு சொல் மாறினாலும் படத்தைத் தர மாட்டேன் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். சில இடங்களில் படம் வராமல் போயிருக்கிறது. போகட்டும்.

ஆகவே குறிப்பு எழுதும்போது அவர்களிடம் கேட்டே எழுதுங்கள். தங்களை என்ன பெயரால் அழைக்க வேண்டும், தங்கள் வேலையை என்ன சொல்லால் சொல்ல வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். ஜிம் கோல்ட்பெர்க் என்ற அமெரிக்கக் கலைஞர் 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய ஒரு தொகுப்பில், ஏழைகளையும் பணக்காரர்களையும் அவரவர் அறையில் படம் எடுத்து, பிரிண்டைக் கொடுத்து, அதன் மேலேயே அவர்கள் கையெழுத்தில் தங்களைப் பற்றி எழுதச் சொன்னார். நாம் பரிதாபமாகப் பார்க்கும் முகத்துக்குக் கீழே சில சமயம் கர்வமான ஒரு வரி இருக்கும். எழுதத் தெரியாதவர்களிடம் பேச்சைப் பதிவுசெய்து, வார்த்தை மாற்றாமல் எழுதலாம்.

கேமரா விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கே தெரிந்திருக்கும். தூரத்தில் நின்று நீள லென்ஸில் எடுப்பதை விடுங்கள். 35 எம்.எம். அல்லது 50 எம்.எம். போதும், அதற்கு நீங்கள் பேசும் தூரத்தில் இருந்தாக வேண்டும். குனிந்து வேலை செய்பவரை நின்றபடி எடுக்காமல் நீங்களும் உட்காருங்கள். எடிட்டிங்கில் தோலின் அழுக்கையும் சுருக்கத்தையும் தூக்கிக் காட்டும் அந்த கிளாரிட்டி ஸ்லைடரைத் தொடாதீர்கள். அவர்கள் வண்ணத்தில் வாழ்கிறார்கள், துயரம் கூடித் தெரியட்டும் என்பதற்காகக் கறுப்பு வெள்ளையாக்காதீர்கள். அப்புறம், தொகுப்பில் யாராவது சிரிக்கிறார்களா என்று பாருங்கள். ஆறு முறை போயிருக்கிறீர்கள், அந்த ஆறு நாளில் யாரும் சிரிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

பணம் கொடுப்பது பற்றி என் தீர்ப்பு இது. நின்றதற்கு, அழுததற்கு என்று படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த முறை காசுக்கு ஏற்ற துயரத்தைக் காட்ட வேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளுகிறீர்கள். ஆனால் அரை நாள் உங்களோடு உட்கார்ந்து பேசியதால் ஒருவர் கூலி இழந்தால், அந்தக் கூலியைக் கொடுப்பது முறை. அதையும் முன்பே பேசிவையுங்கள், தொகுப்பு வெளிவரும்போது மறைக்காமல் சொல்லுங்கள். நாளைக்குப் பரிசு வந்தால், பிரிண்ட் விற்றால், அதில் எவ்வளவு பங்கு யாரிடம் போகும் என்பதை இப்போதே, பணம் வராத இந்த நாளிலேயே, அவர்களோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காலம் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எனக்கு மில்டன் ரோகோவின் ஞாபகம் வருகிறது. பஃபலோ நகரத்துக் கண்கண்ணாடிக்காரர். 1957இல் அரசியல் காரணத்துக்காக விசாரணைக் குழு முன் நிறுத்தப்பட்டு, வாடிக்கையாளர்கள் விலகிப்போக, பிறகுதான் புகைப்படத்தில் முழு மூச்சாக இறங்கினார். தன் கடைக்கு அருகில் இருந்த ஏழை மக்களின் பகுதியில் 1972இல் படம் எடுக்கத் தொடங்கி, 80களில் அதே குடும்பங்களைத் தேடிப்போய், 90களில் மறுபடி போய், 2000இல் தொண்ணூறு வயதில் நான்காம் முறையும் போனார். எப்படி நிற்பது என்று அவர் சொல்ல மாட்டார், அவர்கள் விரும்பியபடி நிற்பார்கள். எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார். அடுத்த முறை போகும்போது பழைய படம் அந்த வீட்டுச் சுவரில் தொங்கும். முதல் படத்தில் மடியில் இருந்த குழந்தை பிந்தைய படத்தில் தன் குழந்தையோடு நிற்கிறது. அங்கே யாரும் "ஏழைகள்" என்ற வகைக்கு உதாரணமாகத் தெரிவதில்லை, ஒவ்வொருவரும் ஒரு ஆளாகத் தெரிகிறார்கள். உங்களுக்கு முப்பது வருடம் வேண்டாம். மூன்று வருடம் போவேன் என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். ஒரு வருடம்தான் முடியும் என்றால் ஒரு வருடம் என்றே சொல்லிவிடுங்கள்.

ஏழாவது முறை போகும்போது கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அதற்கு முன் நானூறு படங்களையும் உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொருவருக்கும் அவருக்குப் பிடிக்கும் என்று தோன்றுகிற ஒன்றை, உங்களுக்குப் பிடித்ததை அல்ல, தேர்ந்தெடுத்து நல்ல தாளில் பிரிண்ட் போடுங்கள். அந்த இடத்தில் புகையும் ஈரமும் அதிகம் இருக்கும், லேமினேட் செய்துவிடுங்கள். பின்பக்கத்தில் எடுத்த தேதியையும் உங்கள் போன் நம்பரையும் எழுதுங்கள். பெயருக்கு இடம் விட்டுவையுங்கள், கொடுக்கும்போது கேட்டு எழுதலாம். அந்த அம்மாவுடையதை முதலில் கொடுங்கள். "நீங்க கேட்டதுக்கு எனக்கு இன்னும் பதில் தெரியல, உங்ககிட்டயே கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்லுங்கள். அவர் படம் வேண்டாம், எல்லாவற்றையும் அழித்துவிடு என்று சொன்னால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். வேறு ஏதாவது சொன்னால் எனக்கு எழுதுங்கள், அங்கிருந்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.